பின்னாலிருந்து வந்த உதை

ஓய்வுபெற்ற ஊழியர்களுக்காக ஒரு மலர் போடுகிறோம், ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்னால் கையாலேயே நோயைக் கண்டுபிடித்த அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று எங்கள் பழைய டிஸ்பென்சரியிலிருந்து இரண்டு இளம் மருத்துவர்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். இப்போது கெண்டைக்காலில் வலி என்று யார் வந்தாலும் முதலில் ஸ்கேனுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். தொட்டுப் பார்ப்பது குறைந்துவிட்டது என்று அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். கையால் கண்டுபிடித்த கதைகள் என்னிடம் சில உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தபோது, கை வைத்தும் கண்டுபிடிக்காமல் விட்ட ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. அதையே எழுதுகிறேன். மலருக்குப் பொருந்தாது என்று தோன்றினால் ஆசிரியர் குழு தாராளமாக எடுத்துவிடலாம்.

சென்னையில் மருத்துவம் முடித்துவிட்டு, ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கென்று விடப்பட்ட பகுதி முழங்காலுக்குக் கீழே, பின்புறம். கெண்டைக்காலைத் தோல் நீக்கிக் காட்டினால் மாணவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். வெளியே உருண்டு திரண்டு தெரிவது ஒரே சதை என்று நினைத்திருப்பார்கள். மேலே இருப்பது முழங்காலுக்கு மேலிருந்து இரண்டு தலைகளாகக் கிளம்பி வரும் தசை. அதை ஒதுக்கினால் அடியில் பட்டையாக இன்னொன்று, சோலியஸ். இரண்டும் கீழே வரவரச் சேர்ந்து, விரல் தடிமனுள்ள ஒரே நாணாகிக் குதிகால் எலும்பில் போய்ப் பற்றிக்கொள்ளும். நாம் நடக்கும்போது குதிகாலைத் தரையிலிருந்து தூக்குவது அந்த நாண்தான். இரண்டுக்கும் இடையில் நூல்போல ஒன்று நீளமாக ஓடும். பிளாண்டாரிஸ் என்று பெயர். முதலாண்டு மாணவர்கள் அதை நரம்பு என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இருந்தாலும் அதனால் பெரிய உபயோகமில்லை என்று நான் வகுப்பில் கேலி செய்வேன்.

இவை எல்லாவற்றுக்கும் உள்ளே, எலும்பை ஒட்டி, இன்னொரு அடுக்கு இருக்கிறது. அதில் மூன்று தசைகள் கணுக்காலின் உட்புறம் வளைந்து பாதத்துக்குள் போகின்றன. ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதிக் கோடு போடுவேன்: குதிகால் நாண் முழுக்க அறுந்தாலும், உள்ளே உள்ள இவை பாதத்தைக் கீழே அழுத்திக் காட்டும், ஏமாறாதீர்கள். இதை எழுதிய கைதான் என் கை. பின்னால் நடந்ததற்கு இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டிஸ்பென்சரிக்கு மருத்துவராகப் போனேன். ஷிப்டு மாறும் நேரத்தில் வராந்தா நிரம்பி வழியும். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். வருகிறவர் உட்காருவார், சொல்லுவார், நான் எழுதுவேன். படுக்க வைத்துப் பார்க்க ஒரு மேசையும் இருந்தது. ஆனால் ஸ்டோரில் இடமில்லை என்று டானிக் பாட்டில் பெட்டிகளை அதன்மேல்தான் கம்பவுண்டர் அடுக்கிவைத்திருப்பார். வியாழக்கிழமை காலையில் மட்டும் பெட்டிகள் கீழே இறங்கும். அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சீஃப் வருவார். அவர் போனதும் பெட்டிகள் மறுபடி ஏறிவிடும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே வழக்கம் அப்படி. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சீஃப் என்று நாங்கள் சொன்னது டாக்டர் கரீமை. ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர், அறுவைச் சிகிச்சை நிபுணர். யாரையும் உரக்கத் திட்டி நான் கேட்டதில்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். எந்தக் காலில் வலி என்றாலும் இரண்டு காலிலும் செருப்பைக் கழற்றச் சொல்வார். வலியில்லாத காலைத்தான் முதலில் பார்ப்பார். நோயாளி எழுந்து போகும்போது, பேச்சை நிறுத்திவிட்டு, அவர் வாசலைத் தாண்டும்வரை முதுகுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வரும்போது எல்லோரும் டாக்டருக்காக ஒரு நடை நடக்கிறார்கள், திரும்பிப் போகும்போதுதான் சொந்த நடை என்பார்.

முனுசாமி எங்கள் தொழிற்சாலையில் கனமான பாகங்கள் செய்யும் கூடத்தில், ஹெவி பே என்போம், கிரேன் ஆபரேட்டர். அப்பா அரக்கோணத்திலிருந்து வந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். முனுசாமி பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கிரேன் கேபின் கூரைக்குக் கீழே, உயரத்தில் தொங்கும். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் போகவேண்டும். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. கீழே நின்று சங்கிலி மாட்டி, கையால் சைகை காட்டுகிறவரை நம்பித்தான் அவர் பளுவைத் தூக்குவார். முனுசாமிக்குக் கீழே நின்றவன் யாதகிரி. நல்கொண்டா பக்கத்துக்காரன். இருவரும் பல வருடமாக ஜோடி. குவார்ட்டர்ஸிலும் அடுத்தடுத்த வீடு. முனுசாமி வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டே யாதகிரிக்குத் தமிழ் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஷாப்புகளுக்கு, அதாவது தொழிற்சாலைப் பிரிவுகளுக்கு, இடையே வாலிபால் நடக்கும். அந்த வருடம் முனுசாமி பல வருடங்களுக்குப் பிறகு ஆட இறங்கினான். வலைக்கு அருகில் பந்தை அடிக்கக் குதித்தவன் இறங்கவில்லை, விழுந்தான். விழுந்தவன் திரும்பிப் பார்த்து, பின்னால் நின்ற யாதகிரியின் சட்டையைப் பிடித்துவிட்டான். இருவரையும் பிரித்து, முனுசாமியைக் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள்.

"பின்னாலேர்ந்து வுட்டான் சார் ஒரு உதை. கல்லால அடிச்ச மாதிரி சத்தமே கேட்டுது" என்றான்.

யார் என்று கேட்டேன்.

"வேற யாரு, யாதகிரிதான். நீ வயசாளி, நகரு, நான் அடிக்கிறேன்னு காலையிலேர்ந்து அவனுக்கு அதே பேச்சு. ஹவ், ஆமா சார், அவனேதான்."

யாதகிரி வாசலில் நின்று, தான் தொடவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனைப் போகச் சொன்னேன். அன்று வியாழக்கிழமை இல்லை. மேசைமேல் பெட்டிகள். முனுசாமியை ஸ்டூலில் உட்காரவைத்து, காலை என் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டேன். கணுக்காலுக்கு மேலே வீங்கியிருந்தது. என் கையை எதிர்த்துப் பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். பலம் குறைவுதான், ஆனால் அழுத்தினான். வீக்கத்துக்குள் விரலை விட்டுத் தடவியபோது உட்பக்கமாகக் கயிறுபோல ஒன்று தட்டுப்பட்டது. நாண் இருக்கிறது, அறுபடவில்லை என்று முடிவு கட்டினேன். அது நான் கேலி செய்யும் அந்த நூல். பாதத்தை அழுத்தியது உள் அடுக்கு. கரும்பலகையில் கோடு போட்ட வாக்கியம் அந்த நிமிடத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. உதை என்று அவன் சொன்ன சொல் என் காதில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு என் விரல்கள் உதைக்குச் சாட்சிதான் தேடின.

கெண்டைக்காலில் உதைபட்டதால் ஏற்பட்ட அடி என்று எழுதி, களிம்பும் கட்டும் கொடுத்து ஓய்வுக்கு அனுப்பினேன். டாக்டரே எழுதிவிட்டார் என்பது அன்று சாயங்காலத்துக்குள் ஷாப் முழுக்கப் பரவிவிட்டது. விளையாட்டில் ஆபரேட்டர் காலை உடைக்கிறவன் அந்த ஆபரேட்டருக்குக் கீழே நின்று சங்கிலி மாட்ட வேண்டாம் என்று ஃபோர்மன் யாதகிரியைக் கழிவு இரும்பு கொட்டும் ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார். அடுத்தடுத்த வீட்டுக் கதவுகள் மூடிக்கொண்டன.

முனுசாமி ஓய்வு முடிந்து வந்தான். நடந்தான், ஆனால் ஏணி ஏறமுடியவில்லை. கீழேயே லேசான வேலை கொடுத்தார்கள். நாளாகும் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவன் எப்போதும் ஷிப்டு முடிந்து மாலையில்தான் வருவான். சீஃப் காலையில் வந்துபோகிறவர். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு வியாழக்கிழமை காலையில் களிம்பு தீர்ந்துவிட்டது என்று வந்து வாங்கிக்கொண்டு, அவன் வராந்தாவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சீஃப் பேச்சை நிறுத்தினார்.

"அந்த ஆளைக் கூப்பிடுங்கள்" என்றார். "குதிகால் எழவில்லை."

மேசையில் குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு பாதங்களும் விளிம்புக்கு வெளியே தொங்கவேண்டும். தொடாமல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். நல்ல காலின் பாதம், ஓய்வில் இருக்கும்போதும், நாண் இழுத்துப் பிடித்திருப்பதால் லேசாக நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது தரையை நோக்கி நேர் கீழே தொங்கியது, ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி. பிறகு பையிலிருந்து கையை எடுத்து நல்ல கெண்டைக்காலைப் பிழிந்தார். பாதம் துள்ளி நகர்ந்தது. அடிபட்ட கெண்டைக்காலைப் பிழிந்தார். பாதம் அசையவில்லை. என்னைப் பிழியச் சொன்னார். பிழிந்தேன். அசையவில்லை. இன்னொரு முறை பிழிந்தேன். போதும் என்று என் கைமேல் கை வைத்தார்.

அவர் ஆங்கிலத்தில், முனுசாமியின் முதுகுக்கு மேலாக, என்னிடம் மட்டும் சொன்னார்: நாண் அறும்போது, பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலத்தான் இருக்கும். ஆள் திரும்பிப் பார்ப்பான். பின்னால் யாராவது நின்றால், அவன் பாடு திண்டாட்டம். இந்த ஆளை யாரும் உதைக்கவில்லை.

முனுசாமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் தன் தக்னி உருதுவில் நக்கோ, நக்கோ, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "காலை நான் சரி செய்கிறேன். சொல்லை நீங்கள் சரி செய்யுங்கள்."

சரி சார் என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில், என்னையும் உடன் நிறுத்திக்கொண்டு சீஃப் செய்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுதாமல் இருக்கமுடியாது. நாள் கடந்துவிட்டதால் நாணின் இரண்டு முனைகளும் விலகி, இடையில் தழும்பு நிரம்பியிருந்தது. அதை நீக்கிவிட்டு முனைகளை இழுத்தபோது சேர்ந்தன. ஆனால் வைக்கோல் நுனிபோலப் பிய்ந்திருந்தன. வெறும் தையல் தாங்காது. சீஃப் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று, "நீங்கள் உடற்கூறு வாத்தியார். அந்தப் பிளாண்டாரிஸைத் தேடி எடுத்துக் கொடுங்கள்" என்றார்.

இவனுக்கு அது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். ஸ்டூலில் விரலில் தட்டுப்பட்டது அதுதான் என்று இப்போது நிச்சயமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எதையும் நம்பும் நிலையில் நான் இல்லை. நாணின் உட்பக்க ஓரத்தில் விலக்கிப் பார்த்தேன். வெள்ளையாக, பளபளப்பாக, அறுபடாமல் இருந்தது. மேலே முழங்கால் மடிப்பை நோக்கித் தொடர்ந்துபோய், நீளமாக எடுத்துக் கொடுத்தேன். சீஃப் அதை ஊசியில் கோத்து, பிய்ந்த முனைகளின் குறுக்காக, பாய் பின்னுவது போல மேலும் கீழும் நெய்தார். கையை எடுத்தபோது பாதம் தானாகவே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நிமிடத்துக்காக நான் அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். தவறு செய்தவனை ஒதுக்கி நிறுத்தாமல், அந்தத் தவறுக்குள்ளேயே என் கையை வைத்து வேலை செய்யவிட்டார்.

அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். நான் என் பங்கைச் செய்யவில்லை. இதுதான் நான் ஒப்புக்கொள்ள வந்தது. நாணைத் தவறவிட்டதை எந்த மருத்துவருக்கும் நேரக்கூடியது என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அப்படி ஒரு சமாதானம் கிடையாது. கட்டு பிரித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிரித்த பிறகு, நடக்கத் தொடங்கட்டும் என்று நினைத்தேன். உண்மைக் காரணம், டாக்டருக்குக் கால் பார்க்கத் தெரியவில்லை என்று கேன்டீனில் பேசுவார்கள் என்ற பயம். அதனால் நடந்தது என்னவென்றால், முனுசாமி தன் நாணையே யாதகிரி உதைத்து அறுத்துவிட்டான் என்று நம்பினான். ஆபரேஷன் வரைக்கும் போன உதை என்று ஷாப்பில் சொன்னார்கள். ஸ்கிராப் யார்டில் யாதகிரியோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் பேசாதிருந்த ஒவ்வொரு வாரமும் அந்த உதை பெரிதாகிக்கொண்டே போனது.

முனுசாமி உடற்பயிற்சிகளைக் குறையில்லாமல் செய்தான். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று எழும்புவது, இறங்குவது. முதலில் இரண்டு காலில், பிறகு ஒரு காலில். ஆயுத பூஜையில் விழுந்தவன், வெயில் காலத்தில் வேலைக்குத் தகுதி கேட்டு வந்து நின்றான். இனியும் தாமதித்தால் கிரேனுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், இவன் கீழே கலாசியாக, எடுபிடி ஆளாக நிற்கவேண்டியதுதான். சீஃப் பரிசோதித்தார். கால் சரி. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த இன்னொரு வேலை முடிந்ததா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். ஏணி ஏறிக்காட்டுவதும் பரிசோதனையில் சேர்ந்ததுதானே, கூட்டிக்கொண்டு போய் ஏறச் சொல்லுங்கள், கீழே நிற்க யாதகிரியைக் கேளுங்கள், நீங்கள் திரும்பி வரும்வரை இங்கேயே இருக்கிறேன் என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்று கிரேனுக்கு அடியில் நடந்தது கடைசியில் வரட்டும். அதற்குப் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சீஃப் கையெழுத்துப் போட்டார். யாதகிரி ஸ்கிராப் யார்டிலிருந்து திரும்பினான். டானிக் பெட்டிகளை நானே தூக்கி வராந்தாவில் வைத்தேன். கம்பவுண்டர் முணுமுணுத்தார், பிறகு ஒரு அலமாரி வந்தது. நான் ஓய்வுபெறும்வரை அந்த மேசைமேல் மனிதர்களைத் தவிர வேறெதையும் வைக்க விடவில்லை. கேன்டீனில் என்னைப் பற்றிப் பேசினார்கள்தான், ஒரு வாரம். முனுசாமியின் கால் பழைய கால் ஆகவில்லை. ஒவ்வொரு படிக்கும் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டுதான் கடைசிவரை ஏறினான். ஆனால் ஏறினான். கிரேனிலிருந்தே ஓய்வுபெற்றான். அவர்கள் இருவரும் என்னிடம் தொடர்ந்து வைத்தியத்துக்கு வந்தார்கள். அதை நான் சம்பாதித்ததாக நினைக்கவில்லை, கொடுக்கப்பட்டதாகத்தான் நினைக்கிறேன்.

இனி அந்த மத்தியானம். ஆள் அனுப்பி யாதகிரியை வரவழைத்தேன். வந்தவன் முனுசாமியைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்து நின்றான். ஃபோர்மன் இருந்தார், சங்கிலி மாட்டுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் உதைக்கவில்லை, நாண் தானாகவே அறுந்தது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, உதை என்று எழுதியது என் தப்பு, அது தெரிந்த பிறகும் இத்தனை மாதம் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். தமிழில் ஒருமுறை, எல்லோருக்குமாக இந்தியில் ஒருமுறை.

யாதகிரி தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "எனக்குத் தெரியும் சார். ஒதைச்சிருந்தா என் காலுக்குத் தெரியாதா?" என்றான்.



முனுசாமிதான் அடுத்துப் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கைக்குடா, ஏண்டா சும்மா இருந்தே? என்னைப் பிடிச்சு உலுக்கிச் சொல்றதுதானே?"

"சொன்னேனே. நீ டாக்டர் பேச்சைக் கேட்டே."

"டாக்டர் பேச்சைக் கேக்காம பின்னே உன் பேச்சையா கேப்பாங்க?"

"கேக்காதே. வயசாளி, எப்போ என் பேச்சைக் கேட்டே. ஏறு, ஜாப் காத்துட்டிருக்குது."

முனுசாமி ஏணியைப் பிடித்தான். நல்ல காலை வைத்தான், மற்றதைச் சேர்த்தான். நடு ஏணியில் ஒருமுறை நின்றான். தைத்த காலில் எடை விழுந்தபோது கெண்டைக்கால் நடுங்குவது பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. யாதகிரி ஏணிக்கு அடியில் போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, அந்தக் குதிகாலுக்கு நேர் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். விழுந்தால் அந்தக் கைகளால் தாங்கமுடியாது. அது அவனுக்கும் தெரியும். குதிகால் மேலே போய், கேபினுக்குள் மறைந்த பிறகும் கைகள் அப்படியே இருந்தன. மேலே முனுசாமி, தயார் என்று கிரேன் மணியை அடித்தான். அதற்குப் பிறகுதான் யாதகிரி ஒரு கையை இறக்கினான். மற்றக் கையால், தூக்கு என்று சைகை காட்டினான்.